எந்த மெஷினை வைத்துக்கொள்வது

மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று வசுமதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி போடுகிற இடம், அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பரணுக்கு. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் சொன்னதை மாற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை, இன்றைக்கா மாற்றிக்கொள்ளப் போகிறாள். நாளைக்கு ரேணுகா வருகிறாள். ஏழாம் மாதம், ஓசூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து நாலு நாள் ஆகிறது, தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான், வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நாளைக்கு அனுப்பி வைக்கிறார்கள். இது ரேணுகாவின் அறை. கல்யாணமாகிப் போன மறுமாதமே நான் கம்ப்யூட்டர் டேபிளை உள்ளே தள்ளிவிட்டேன், அவள் தலையணை உறையில் தலைமுடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, பெற்ற மகள் ஊரைவிட்டுப் போய் முப்பது நாள் ஆகவில்லை, எனக்கு என்ன அவசரம். வசுமதி வேலூர் பஜாருக்குப் போயிருக்கிறாள், பருத்தி நைட்டி, ரப்பர் ஷீட், கொசுவலை என்று நீளமாக எழுதி எடுத்துக்கொண்டு போனாள், "நான் வர்றதுக்குள்ள எதுன்னு முடிவு பண்ணி வையுங்க, வந்து நான் முடிவு பண்ணா மூணும் பரண்தான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது, மாதாந்திரப் பராமரிப்பு, நாலு மணிவரைக்கும் வராது என்று பேப்பரில் போட்டிருந்தான். மெஷின்கள் மூன்றும் செத்துக் கிடக்கின்றன. மாதத்தில் இந்த ஒரு பகல்தான் இந்த அறை வாயை மூடிக்கொண்டு இருக்கும், ஃபேன் சத்தம் இல்லாத காதில் என்னென்னவோ விழுகிறது, பின்வீட்டுக் குழாய் சொட்டுகிறது, யாரோ தேங்காய் துருவுகிறார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்து மூன்று கட்டம் போட்டிருக்கிறேன், தலைப்பு எழுதியதோடு சரி.

முதல் கட்டத்தில் பெரிய பெட்டி. அலமாரி மாதிரி நிற்கிறது, உள்ளே கிராஃபிக்ஸ் கார்டு, மற்ற இரண்டும் நாலு நாளில் செய்வதை இது ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கும். ஆனால் அடுப்பு. இரண்டாவது லேப்டாப், ரேணுகா காலேஜில் வைத்திருந்தது, மேல் மூடியைக் கழற்றிவிட்டேன், கரண்ட் அரைமணி நேரம் போனாலும் பேட்டரியில் தாங்கும், அது ஒரு சௌகரியம். மூன்றாவது குட்டி போர்டுகள், ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டு அளவு, நாலு இருக்கின்றன, பழைய இட்லி ஸ்டாண்டில் தட்டுக்கு ஒன்றாகத் தெர்மாகோல் வைத்து உட்கார்த்தியிருக்கிறேன். அந்த ஸ்டாண்டை வசுமதி ஒரு வாரம் வீடு முழுக்கத் தேடினாள், கண்டுபிடித்தபோது கோபம் வராமல் சிரிப்பு வந்துவிட்டது, "வெந்துடுச்சான்னு குச்சி விட்டுப் பாருங்க" என்றாள். அவளுக்கு இது என்ன வேலை என்று தெரியாமல் இல்லை, நானே பலதடவை சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்க ஆளுக்கு ஒரு முறம் கொடுத்து உட்கார வைக்கிற மாதிரிதான். எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்தில் பெரிய கணக்கு, ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் ஆயுசு போதாது, அதைத் துண்டு துண்டாக வெட்டி உலகம் பூராவும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற, சும்மா இருக்க முடியாத ஆட்களுக்கு அனுப்புகிறார்கள். கூலி கிடையாது. பட்டியலில் பெயர் வரும். நான் காலேஜ் பௌதிக லேபில் இருபத்தெட்டு வருஷம் அசிஸ்டெண்ட், பையன்களுக்கு ஊசல் எடுத்துக் கொடுத்து, ஊசல் திரும்ப வாங்கி வைத்து, எம்.எஸ்ஸி. பாதியில் நின்றவன், விஞ்ஞானம் என்கிற பந்தியில் இலை போடுகிற வேலை மட்டும் பார்த்தவன். பட்டியலில் ஏகாம்பரம், காட்பாடி, இந்தியா என்று முதல்தடவை பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. நான் எடுத்தது பூமி எவ்வளவு சூடாகும் என்கிற கணக்கு, வரப்போகிற நூறு வருஷத்து மழை, வெயில், காற்று. மே மாதம் இந்த ஊரில், மேலே சிமெண்ட் கூரை, உள்ளே பெரிய பெட்டி. வசுமதி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்று, "உலகம் சூடாவுதுன்னு கணக்கு போட்டுகினு இருக்கீங்க, மொதல்ல இந்த ரூம் சூடாவறதைப் பாருங்க" என்றாள். இதைக் காலேஜில் போய் நானே சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

சரி, கட்டத்தைப் பார்ப்போம். குழந்தை தூங்க வேண்டும் என்றால் குட்டி போர்டுதான், ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது, தொட்டால் வெந்நீர் டம்ளர் சூடு, அவ்வளவுதான். ஆனால் குட்டி போர்டுக்கு எல்லாத் திட்டத்திலும் வேலை தருவதில்லை, அது வேறு ஜாதி சிப், அதற்கென்று தனியாக புரோகிராம் எழுதினால்தான் உண்டு, என் பருவநிலைக் கணக்கில் எழுதவில்லை, இவை நாலும் வேறு ஏதோ எண்களைத் தேடுகிற கணக்குக்கு மாடாக உழைக்கின்றன, எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. பெரிய பெட்டியில் விண்டோஸா லினக்ஸா என்று வேறு இருக்கிறது, இரண்டையும் போட்டுப் பார்த்தவன் நான், ஒன்றில் வேகம் கொஞ்சம் கூடுதல், இன்னொன்று மகளுக்கும் மனைவிக்கும் தொடத் தெரியும், யார் தொடப் போகிறார்கள். இதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு துண்டை எந்த மெஷினில் ஆரம்பித்தாயோ அதில்தான் முடிக்க வேண்டும். பாதியில் எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது, விண்டோஸில் தொடங்கியதை லினக்ஸ் வாங்காது, பெட்டியில் தொடங்கியதைப் போர்டு வாங்காது, கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் நாள்கணக்கில் நிறுத்தினால் கெடு தாண்டிவிடும், மூன்று மாதம் ஓடியிருந்தாலும் குப்பை. இன்னொன்றும் உண்டு, ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள், எனக்கு ஒன்று, எந்த நாட்டிலோ முகம் தெரியாத ஒருவனுக்கு ஒன்று, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் இரண்டும் ஒரே வகை மெஷினாக இருக்க வேண்டும், வகை மாறினால் தசமப் புள்ளிக்கு அப்புறம் பத்தாவது பன்னிரண்டாவது இடத்தில் இலக்கம் மாறும், ரொம்பச் சின்ன வித்தியாசம், ஆனால் நூறு வருஷம் ஓட்டினால் ஒன்றில் புயல், மற்றதில் வெயில். இந்தச் சட்டத்தை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன், எத்தனை ஆசையாக. இந்தச் சட்டத்தால்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன். இல்லை, சட்டத்தின்மேல் பழி போடாதே, ஏகாம்பரம், சொன்னது உன் வாய்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தின ஏப்ரல், பத்தொன்பதாம் தேதி, பகல் மூன்றே கால். எனக்கு எப்படி நிமிஷம் தெரியும் என்றால் மெஷின் எழுதி வைத்திருக்கிறது, அது ஒரு நாளையும் விடாமல் டைரி எழுதும், பத்தொன்பதாம் தேதி மூன்று பதினைந்துக்கு நேராக, எண்பத்தொன்பது சதவீதம் முடிந்தது, மீதி பதினோரு நாள் என்று இருக்கிறது. நான் திரையில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. ரேணுகா. "அப்பா, சாப்டீங்களா?" என்றாள், சாப்பிட்டேன் என்றேன், அம்மா எங்கே என்றாள், கோயிலுக்கு என்றேன். அப்புறம், "அப்பா, என் ரூம் காலியாத்தான இருக்கு?" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த இடத்தில்தான் எத்தனை தடவை வந்தாலும் கால் தடுக்குகிறது. ஏம்மா, என்ன ஆச்சு என்று கேட்க ஒரு மூச்சு போதும், லேபில் எவனாவது பையன் முகம் வாடி நின்றால்கூடக் கேட்பேன், என்னடா சாப்பிடலையா என்று கேட்பேன். மகளிடம் கேட்கவில்லை. "மெஷின் ஓடுதும்மா, இப்ப நிறுத்தினா மூணு மாச வேலை போயிடும், ஒரு பதினோரு நாள் பொறுத்துக்கோ, முடிஞ்சதும் ரூமைக் கழுவி விட்டு வெக்கறேன், வந்து எத்தனை நாள் வேணாலும் இரு" என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன், எண்பத்தொன்பது சதவீதம் என்றுகூடப் பெருமையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். "சரிப்பா" என்றாள். சரிப்பா. வைத்துவிட்டாள். நான் மறுபடி திரையைப் பார்த்தேன். பதினோரு நாளில் முடிந்தது, அனுப்பினேன், நடுவில் கரண்ட் போய்ப் போய்க் கெடு தாண்டியிருந்தது, அதற்குள் அதே துண்டை வேறு யாருக்கோ கொடுத்து விடை வாங்கிவிட்டார்கள், என் பெயருக்கு நேராகத் தேவைப்படவில்லை என்று வந்தது. தேவைப்படவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, ரேணுகாவுக்கே போன் போட்டு அந்த அநியாயத்தைச் சொன்னேன், அவள் பொறுமையாகக் கேட்டு, "பரவால்லப்பா, அடுத்தது நல்லா வரும்" என்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. இது எனக்கு ஆடி மாதம்தான் தெரியும், வசுமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தாமல், "ஏப்ரல்லயே கலைஞ்சிட்டுதாம், ரெண்டு மாசம், நம்மகிட்ட சொல்லல, இப்பதான் சொல்றா" என்றாள். எந்தத் தேதி என்று கேட்டேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும் என்றாள், தேதி எதுக்கு இப்ப என்றாள். நான் எழுந்து இந்த அறைக்கு வந்து மெஷினின் டைரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். வசுமதியிடம் அந்தப் போனைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை.

வந்திருந்தாலும் கரு நின்றிருக்குமா என்றால் நின்றிருக்காது, டாக்டரே சொல்லியிருக்கிறார், ஆரம்பத்தில் அப்படி ஆவது சகஜம், யார் மேலும் தப்பில்லை. அதை நான் நம்புகிறேன், பௌதிகம் படித்தவன். ஆனால் அதுவா கேள்வி. வயிறு வலித்தபோது ஒரு பெண்ணுக்குத் தன் கட்டில் ஞாபகம் வந்திருக்கிறது, கேட்டிருக்கிறாள், கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்து அதன்மேல் கேபிள் தொங்கவிட்டிருந்தேன் நான். அவள் ஏன் அம்மாவிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டிருந்தால் வசுமதி பிளக்கைப் பிடுங்கித் தெருவில் போட்டிருப்பாள், எனக்குப் போன் போட்டாள் பார், அப்பா ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், அப்பாவுடைய மெஷின் என்று ஒரு மரியாதை. அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் பொங்கலுக்கு, கெங்கையம்மன் திருவிழாவுக்கு வந்திருக்கிறாள், காலையில் வந்து சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள், அவருக்கு டியூட்டி என்பாள், துணி எடுத்து வரவில்லை என்பாள். இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கவில்லை. ரூம் என்கிற வார்த்தையை என்னிடம் எடுக்கவே இல்லை. நாளைக்கு வந்தால் ஐந்து மாதம் இருக்க வேண்டும், குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிற வரைக்கும், வருவாளா, அல்லது கடைசி நிமிஷத்தில் ஏதாவது சொல்லி ஓசூரிலேயே ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்வாளா, அந்தப் பயம்தான் காலையிலிருந்து, அதை விட்டுவிட்டு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றையும் பரணில் போட்டுவிட்டால் என்ன. போட வேண்டியதுதானே. போடுகிறேன் என்று நினைத்த மாத்திரத்தில் மனசு ஓடிப்போய் லேப்டாப்பைக் கட்டிப்பிடிக்கிறது, இது அவளுடையதுதானே, இது இருந்தால் அவளுக்கே சந்தோஷமாக இருக்கும், இதில் ஒரு சின்னக் கணக்கு மட்டும், பகலில் மட்டும். பார், எப்படிப் பேசுகிறது. செல்போனிலேயே கணக்கு ஓட்டலாம், சார்ஜ் போடும்போது மட்டும், முக்காலிகூட வேண்டாம் என்கிறது. குடிகாரன் பேச்சு இதைவிட நேர்மையாக இருக்கும். அவள் வாசலில் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும். என்னவென்று. அன்னிக்கு நீ கேட்டப்போ நான் ஏன்னு கேட்டிருக்கணும்மா. அவ்வளவுதான், ஒரு வாக்கியம். ஸ்டூலில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து சொல்லிப் பார்த்தேன், சுவருக்குத்தான், அதையே பாதியில் விட்டுவிட்டேன். நோட்டில் மூன்று கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன், பிறகு அந்தக் கோட்டையே அளவுகோல் வைத்த மாதிரி திருத்திக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. ரேணுகா. மணி நாலாகப் பத்து நிமிஷம், வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். "அப்பா, நாளைக்குப் பதினோரு மணி போல வந்துடுவோம், அவரு கார் சொல்லிட்டாரு" என்றாள், எனக்கு உயிர் வந்தது, வாம்மா வாம்மா என்று இரண்டு தடவை சொன்னேன். "அம்மா சொன்னாங்க, ரூமை ஒழிக்கிறீங்களாமே. வேணாம்ப்பா. மெஷினெல்லாம் அங்கயே இருக்கட்டும், நான் ஹால்ல படுத்துக்கறேன்." அதெப்படிம்மா என்றேன். "எனக்கு ஹால்ல படுத்துப் பழகிடுச்சுப்பா. இங்க இருக்கிறது ஒரே ரூம், மாமா அத்தை படுத்துப்பாங்க, நாங்க அஞ்சு வருஷமா ஹால்லதான." சாதாரணமாகச் சொன்னாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. ஐந்து வருஷம். அப்படியென்றால் அந்த ஏப்ரலில், அந்த நாட்களில், நாலு பேர் நடந்துபோகிற ஹாலில், டி.வி. ஓடுகிற ஹாலில் என் மகள் எங்கே போய்ப் படுத்தாள். அதனால்தான் கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை கேட்டிருக்கிறாள். ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், அந்த ஒரு வாக்கியம் வாய்வரைக்கும் வந்துவிட்டது, அன்னிக்கு நீ கேட்டப்போ, என்று. "ரேணு" என்றேன். "சொல்லுங்கப்பா" என்றாள். குரல் அவ்வளவு தயாராக இருந்தது, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிற குரல். நான் சொல்லவில்லை. அவளே, எனக்கு உதவி பண்ணுகிற மாதிரி, "எதை வெச்சுக்கப் போறீங்க, பெரிசா, குட்டிகளா?" என்று கேட்டாள். நான் ஆரம்பித்துவிட்டேன். பெரிய பெட்டி வேகம்தாம்மா ஆனா சூடு, குட்டி போர்டுல சத்தமில்ல ஆனா அதுக்கு வேலை தரமாட்டேங்கறான், உன் லேப்டாப்புன்னா பேட்டரி தாங்கும், லினக்ஸ் போட்டா இன்னும் கொஞ்சம் நல்லாருக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறேன், அவள் ம் என்கிறாள், ம் என்கிறாள், கண்ணிலிருந்து வடிகிறது எனக்கு, வாய் பாட்டுக்குச் சிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, இதை நிறுத்து, இதை நிறுத்திவிட்டு அதைச் சொல் என்று உள்ளே எவனோ கத்துகிறான், இதோ சொல்லிவிடுகிறேன், இந்தப் பேட்டரி விஷயத்தை முடித்துவிட்டுச் சொல்லிவிடுகிறேன். அப்போது கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் தானாக எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று நான்தான் அவற்றைப் பழக்கியிருந்தேன், பெரிய பெட்டி முதலில் கனைத்தது, அடுத்தது லேப்டாப், ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று ஏறின, அறை நிரம்பிவிட்டது. "கரண்ட் வந்துடுச்சு போல, ஓட ஆரம்பிச்சிடுச்சே" என்றாள் ரேணுகா, அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "நீங்க வேலையைப் பாருங்கப்பா, நான் வெச்சிடறேன்." இரும்மா, வெக்காதே, ஒண்ணு சொல்லணும் என்று நான் கத்தினேன், அவள் வைத்த பிறகு.